அஞ்சாவதா யாரை எடுக்கப் போறீங்க

இல்ல சார், இல்ல, கையெழுத்துக்கு வரல. நீங்க எந்திரிக்காதீங்க, முட்டை ஆறிடும். நான் இப்பிடி எதுக்க உக்காந்துக்கறேன், அஞ்சே நிமிஷம். என்னையத் தெரியல? ஏழு வருஷம் இருக்கும், இதே ஏப்ரல் மாசம், எங்க வீட்டுக்கு வந்து சாப்ட்டீங்க. கோஸ் இலைக்குள்ள கறி வச்சு சுருட்டினது. மூணு சாப்ட்டுட்டு நாலாவதப் பாத்துக்கிட்டே இருந்தீங்க, நானே எடுத்து வச்சேன். ஆங், அதேதான். டோபியோட அம்மா. லொரெட்டா வோய்ச்சிக்.

டோபி நல்லாத்தான் இருக்கான் சார். நான் வந்தது அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். முப்பது வயசு ஆம்பள, டீமுக்கே குவார்ட்டர்பேக்கு, பந்த எறியறவன், அவனோட அம்மாக்காரி ஜெனரல் மேனேஜரத் தேடிப் போயி பேசினான்னு வெளிய வந்துச்சுன்னா, அந்த லாக்கர் ரூம்ல இருக்குற பயலுக அவன உரிச்சு உப்புத் தடவிடுவானுக. இங்க பரிமாறுறாளே பெக், அவ எங்க சர்ச்சு. டிராஃப்ட் அன்னிக்கு மட்டும் நீங்க காலையில தனியா வந்து இந்த மூலையில உக்காந்து சாப்பிடுவீங்கன்னு அவதான் சொன்னா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க, நல்ல பொண்ணு, வாய்தான் நிக்காது.

சரி, விஷயத்துக்கு வந்துடறேன், நீங்க கடியாரத்தப் பாக்கறீங்க. இன்னிக்கு சாயந்தரம் காலேஜ் பசங்க அத்தனை பேரும் கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பானுங்க, மட்டமா ஆடின டீம்லருந்து வரிசையா கூப்பிட்டு, ஆளப் பொறுக்கிக்கோம்பாங்க. நம்ம போன வருஷம் நாலே நாலு மேட்ச் ஜெயிச்ச புண்ணியத்துல அஞ்சாவதா நிக்கிறோம். நல்ல இடம்தான். அந்த அஞ்சாவது ஆளு யாருங்கறதுதான் சார் இந்த டொலீடோவுல இப்ப பேச்சே. பல்லு புடுங்கப் போனேன், என் வாயில கொறட்ட வச்சுக்கிட்டு டாக்டரு கேக்குறாரு, என்னம்மா, டிஃபென்ஸா அஃபென்ஸான்னு. வாயத் தொறந்து வச்சுக்கிட்டு நான் என்னத்தச் சொல்ல.

எங்க வீட்டுலயே ரெண்டு கட்சி. எங்க வீட்டுக்காரர் வால்ட்டு இருக்காரே, அவரு டிஃபென்ஸ், எதிராளியத் தடுக்கற பக்கம். மேட்சுக்கு முப்பது பாயிண்டு எதிராளிக்கு அள்ளிக் குடுத்தா எவன் எறிஞ்சு என்ன ஆகப் போகுதும்பாரு. அந்த லூயிசியானா பையன் இருக்கானே, எதிர் டீம் குவார்ட்டர்பேக்கத் தொரத்தித் தொரத்தி சாய்க்கறானே, அவனத்தான் எடுக்கணுமாம். கார் நிறுத்துற ஷெட்டுக்குள்ள போயி கதவச் சாத்திக்கிட்டு ரேடியோக்காரனுக்கு போன் போடறாரு சார், தெக்கு டொலீடோலருந்து ஸ்டான் பேசறேன்னு. பெத்த மகன் குவார்ட்டர்பேக்கு, இவரு பொய்ப் பேருல போன் பண்ணி எம்மவனுக்குக் காவல் வேணாம், அடுத்தவன் மவன அடிக்க ஆளெடுங்கன்னு கத்துறாரு. அந்த ரேடியோக்காரன், ஸ்டான் நீங்க ரொம்ப விவரமானவரு சாருங்கறான். மனுசனுக்குத் தலைகால் புரியல.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சேன்.

நானும் ஒரு காலத்துல டிஃபென்ஸ் கட்சிதான், தெரியுமா? காரணம் வேற. நம்ம டிஃபென்ஸ் ஆளுங்க மைதானத்துல நிக்கிற நேரம் பூரா எம்மவன் பெஞ்சுல உக்காந்திருப்பான். தோள்ல துண்டு, கையில தண்ணி. யாரும் அவன அடிக்க முடியாது. எனக்கு அதுதான சார் மேட்ச்சு. அப்பறம்தான் பாத்தேன், டிஃபென்ஸ் நல்லா இருந்துச்சுன்னா மூணு நிமிஷத்துல பந்தப் புடுங்கிட்டு வந்துடறானுங்க, டோபி மறுபடியும் ஹெல்மெட்ட மாட்டணும். அவனுங்க சொதப்பினா, எதிராளி மெதுவா, அஞ்சு கஜம் அஞ்சு கஜமா நகத்திக்கிட்டு, எட்டு நிமிஷம் ஒம்பது நிமிஷம் இழுப்பான். சுத்தி உக்காந்திருக்கறவன் பூரா வாய்க்கு வந்தபடி திட்டுவான். நான் ஒருத்தி மட்டும் உள்ளுக்குள்ள, இழுப்பா, இன்னும் கொஞ்சம் இழு, அவசரமே இல்லன்னு வேண்டிக்கிட்டு இருப்பேன். அறுவதாயிரம் பேர்ல எதிராளிக்கு வேண்டிக்கிட்டவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். இதப் போயி பாதிரியார்கிட்ட பாவமன்னிப்பா சொன்னேன். அவரு, போன மேட்சா, அதுக்கு முந்தின மேட்சான்னு கேக்குறாரு.

ஆனா அதுலயும் ஒரு கோளாறு. எதிராளி பாயிண்டு அடிச்சுட்டா நம்ம பின்னாடி போயிடறோம். பின்னாடி போனா எட்டிப் புடிக்க எறிஞ்சுக்கிட்டே இருக்கணும். எறியறதுக்கு நின்னா அடி. அதனால டிஃபென்ஸ் நல்லா இருந்தாலும் அடி, மோசமா இருந்தாலும் அடி. ராவெல்லாம் படுத்துக்கிட்டு இதையே போட்டுக் கொழப்பிக்குவேன். கடைசியா, சரி, அவன் முன்னாடி நின்னு மறைக்க ஒரு தடியன் இருந்தாப் போதும்னு டோபி ஆடுற பக்கம், அஃபென்ஸ் கட்சிக்கு வந்துட்டேன்.

அயோவாலருந்து ஒருத்தன் வரானாமே. ஆறடி ஏழங்குலம். பன்னிப் பண்ணை வச்சிருக்கறவரோட பையன். அவன் படத்த செய்தித்தாள்லருந்து வெட்டி வச்சிருக்கேன் சார், சமையக்கட்டுல, புனிதர் படத்துக்குப் பக்கத்துல. டோபி வலது கைக்காரன். எறியறதுக்கு நின்னான்னா இடது பக்கம் பூரா முதுகு. அந்தப் பக்கம் வரவன் அவனுக்குத் தெரியவே தெரியாது. மேல் வரிசையில உக்காந்திருக்கற எனக்குத் தெரியும். வரான், வரான்னு எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தொண்டை கிழியக் கத்துறேன், அங்க யாருக்குக் கேக்கும்?

அம்பத்தெட்டு தடவ அவனச் சாய்ச்சிருக்கானுங்க சார். போன வருஷம் மட்டும். உங்களுக்கும் அந்த நம்பர் தெரியும், நீங்க அத ஒரு நம்பராப் பாத்திருப்பீங்க. தப்பாச் சொல்லல. நான் எண்ணுவேன். அவன் கீழ விழுந்ததும் ஒண்ணு, ரெண்டுன்னு வாய்க்குள்ள எண்ணுவேன். மூணுக்குள்ள எந்திரிச்சா ஒண்ணுமில்ல. அஞ்சுன்னா வால்ட்டு கையப் புடிச்சுக்குவேன். அந்த நவம்பர் மேட்ச்சுல பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். பதினொண்ணுன்னா எவ்வளவு நேரம்னு நீங்க ஒரு தடவ எண்ணிப் பாருங்க. இப்ப வேணாம், சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க.

எனக்குப் பயமா இருக்கு சார். வெறும் பயம், வேற ஒண்ணுமில்ல. பாத்திரம் கழுவறப்ப பயம், ஃபோன் அடிச்சா பயம், அடிக்காட்டி அதவிட. ஆட்டம்னா அடி படத்தான் செய்யும்னு சின்னப் புள்ளையிலருந்து அவனுக்கு நான்தான் முட்டிக்கு ஐஸ் கட்டி வச்சேன். இது முட்டிப் பயம் இல்ல.

அதத்தான் கேக்க வந்தேன். அந்த அயோவா பையன எடுங்க. அவ்வளவுதான், நான் கெளம்பறேன்.

என்னது?

நெசமாவா? முடிவே பண்ணிட்டீங்களா? அந்தப் பையனத்தானா?... இல்ல இல்ல, செத்தாலும் சொல்லமாட்டேன். வால்ட்டுகிட்டயா? அவருகிட்டச் சொல்றதும் ஒண்ணு, ரேடியோல சொல்றதும் ஒண்ணு. உங்க வாயால சொன்னீங்களே, ரொம்ப சந்தோஷம் சார். இதக் கேக்கத்தான ரெண்டு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசிப் பாத்தேன். நீங்க முடியாதுன்னா என்ன சொல்றது, யோசிக்கலாம்னா என்ன சொல்றதுன்னு எல்லாம் வச்சிருந்தேன். நீங்க சரின்னா என்ன சொல்றதுன்னு மட்டும் வச்சிருக்கல பாருங்க.

தண்ணி வேணாம் சார். நீங்க நல்லவரு, டோபி இன்னும் அஞ்சு வருஷம் ஜம்முனு ஆடலாம்னு எனக்கு ஆறுதலாத்தான் சொல்றீங்க. அவனும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருக்கான். ஒரு நல்ல காவல் மட்டும் குடுக்கட்டும்மா, முப்பத்தஞ்சு வரைக்கும் ஆடிக் காட்டறேன்னு. அஞ்சு வருஷம்.

இருங்க. எந்திரிக்காதீங்க.

அந்தப் பையன எடுக்காதீங்க சார்.

தெரியும், இப்பத்தான் எடுங்கன்னேன். அவன் வேணாம். லூயிசியானா பையனும் வேணாம். கலிஃபோர்னியாலருந்து ஒருத்தன் இருக்கானே, எறியறவன், இந்த வருஷத்துலயே நல்ல குவார்ட்டர்பேக்குன்னு எல்லாரும் சொல்றாங்களே, நமக்குத்தான் டோபி இருக்கானே அவன் எதுக்குன்னு ஒருத்தரும் வாயத் தொறக்கலையே, அவன எடுங்க. எடுத்துட்டு டோபிய அனுப்பிடுங்க. வேற டீமுக்கு இல்ல சார். வீட்டுக்கு. வயசாச்சுன்னு சொல்லுங்க, கை தளந்துருச்சுன்னு சொல்லுங்க, என்ன வேணும்னாலும் சொல்லுங்க. அவன் உங்களத் திட்டட்டும். நான்தான் காரணம்னு தெரிஞ்சா செத்தாலும் என் மூஞ்சில முழிக்கமாட்டான், முழிக்காட்டியும் பரவால்ல.

ஏன்னா என்னத்தச் சொல்ல. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்திருந்தான். அவன் பொண்டாட்டி புள்ளைங்க, வால்ட்டோட தங்கச்சி குடும்பம், எல்லாருமா பதினாலு பேரு. முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், உள்ள அனலு அடிக்குது, மடிச்சு விடுறான்னா மாட்டேங்கறான். தட்டு கழுவ வந்தவன், தண்ணி படுமேன்னு நானே கைய மடிச்சு விட்டேன். மணிக்கட்டுல அந்தப் பட்டை. மேட்ச்சுல கட்டிக்கிட்டு, எந்த ஆட்டம் ஆடணும்னு குனிஞ்சு பாத்துக்குவானே, அந்தப் பட்டை. கண்ணாடித்தாளுக்கு அடியில எழுதி வச்சிருந்தான். ஆட்டம் இல்ல சார். ஹெலன் அத்தை, நீலச் சட்டை. ரான் மாமா, வழுக்கை. அப்பிடியே பதினாலு பேரு. அவன் ரெண்டு புள்ளைங்க பேரும் இருந்துச்சு.

அவன் கைய இறக்கி விட்டுக்கிட்டான், நான் தட்டக் கழுவினேன்.

உங்க டாக்டர் பாத்தாரு, நல்லா இருக்கான்னாருங்கறீங்க. பாத்தாரு, தெரியும். வருஷா வருஷம் பயிற்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஒரு பரீட்சை வைப்பீங்களே, வார்த்தை காட்டி மறைச்சு ஞாபகம் இருக்கா இல்லையான்னு பாக்கறது. அப்பறம் மண்டையில அடிபட்டா அதே பரீட்சையத் திரும்ப வச்சு, பழைய மார்க்குக்குக் கொறஞ்சா ஆட விடமாட்டீங்க. அதுக்காக எல்லாப் பயலுகளும் மொதத் தடவயே வேணும்னு மட்டமாப் பண்ணி வைப்பானுக. கீழ விழ எடமே இல்லாமப் பாத்துக்குவானுக. நீங்க தலையக் குனிய வேணாம் சார், நீங்களும் ஆடினவருதான், உங்களுக்குத் தெரியாமயா.

டோபிக்கு அத யாரு சொல்லிக் குடுத்தான்னு நெனைக்கறீங்க? மொத வருஷம் அவன் பயந்துக்கிட்டு வந்து எங்கிட்டதான் கேட்டான். ஏமாத்தறது தப்புதானம்மான்னான். எல்லாரும் பண்ணா தப்பில்லடான்னேன். கல்யாணம் ஆகியிருந்துச்சு, இடத்த விட்டா இன்னொருத்தன் நின்னுக்குவான். சமையக்கட்டு மேசையில நானே வார்த்தை எழுதிக் காட்டி காட்டி மறைச்சேன். ரொம்ப மட்டமாப் போனா சந்தேகம் வரும்டா, இருவதுல ஏழ மட்டும் விட்டுடுன்னேன். ஏழு வருஷமும் பதிமூணு. ஒண்ணு கூடாது, ஒண்ணு கொறையாது.

ஈஸ்டருக்கு அப்பறம்தான் அவனக் கெஞ்சிக் கேட்டேன், இந்த ஒரு தடவ நெசமா எழுதிட்டு வாடா, எனக்காகன்னு. போன திங்கக்கெழமை எழுதினான். மார்க்கப் பாத்துட்டு உங்க டாக்டர் முதுகுல தட்டிக் குடுத்தாராம். அதே பதிமூணு, உனக்கு இரும்பு மண்டைடான்னாராம். அங்கருந்து நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான். கோட்டக் கூடக் கழட்டல. நின்னுக்கிட்டே சொன்னான் சார், அம்மா, நான் ஒண்ணயும் வேணும்னு விடலம்மா, இருவதையும் சொல்லத்தான் பாத்தேன்னு.