உன்ஜேயின் முகவரி

எனக்குப் புளித்த கிம்ச்சி ஊறுகாய் ஒத்துக்கொள்ளாது. இம்சுன் அம்மாள் அதை எப்படியோ தெரிந்துகொண்டு, அன்று காலையில் பிசைந்ததையே டப்பாவில் போட்டு வகுப்புக்குக் கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆள் இல்லை. ஆகவே, விசாரணை அதிகாரி மேங் ஐயா, எனக்கும் அவருக்கும் முன்பகை உண்டா என்று நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை.

நான் வங்கியில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே குன்சானில், முதியோர் மையத்தில், போலி மின்னஞ்சல்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று வகுப்பு எடுக்கிறேன். இலவச சேவைதான். ஏமாந்தவர்களைப் பார்த்தால் ஊரே உச்சுக் கொட்டுகிறது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கதவைத் திறந்துபோட்டுத் தூங்கிவிட்டு விடிந்ததும் திருடனைத் திட்டுகிறவர்கள் அவர்கள்.

இம்சுன் அம்மாள் மீன் சந்தை அருகே தொடுகறிக் கடை வைத்திருக்கிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு வலைத்தளம் இருந்தது. இளம் வயதில் கணவன் விட்டுப்போய், சோற்றுக்கு வழியில்லாமல், இரண்டு வயது மகனைத் தத்துக் கொடுத்திருக்கிறார். பையனை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உன்ஜே என்று பெயர். அந்தப் பெயரையே இணைய முகவரியாகப் பதிவு செய்து, தன் படத்தையும் கடையின் படத்தையும் போட்டு, ஒரு மின்னஞ்சல் பெட்டியும் வைத்திருந்தார். தத்துக் கொடுத்த இடத்தில் எழுதி வைத்ததும், தொலைக்காட்சியில் ஒருமுறை அழுதுகொண்டே சொன்னதும் அந்த முகவரியைத்தான். அவன் தேடினால் கிடைக்க வேண்டுமாம்.

தூண்டில் போடுகிறவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் கொழுத்த மீன். ‘உங்கள் முகவரி நாளையோடு பறிபோகும், உடனே இதை அழுத்துங்கள்’ என்று எழுதினால் போதும். சோதனைக்காக நானே அப்படி ஒன்றை வகுப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். இம்சுன் அம்மாள் மட்டும் அழுத்தினார். கடவுச்சொல்லையும் கொடுத்தார்.

“அப்படியே வீட்டுச் சாவியையும் அனுப்பியிருக்கலாமே அக்கா,” என்றார் பாங். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வகுப்பின் வாயாடி.

“சும்மா இருய்யா. புள்ள பேரு போயிடும்னு போட்டிருந்துச்சு, உடனே அழுத்திட்டேன்.”

அதன் பிறகு பாடத்தைச் சுருக்கினேன். அவசரப்படுத்தினால் போலி, பயமுறுத்தினால் போலி, எதையாவது அழுத்தச் சொன்னால் போலி. அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பது, இணைப்பு எந்தத் தளத்துக்குப் போகிறது என்று முன்கூட்டியே பார்ப்பது, சந்தேகம் வந்தால் மடலை விட்டுவிட்டு நேராக நிறுவனத்தின் தளத்துக்கே போவது, இவையெல்லாம் கொஞ்சம் மூளை கேட்கும். அவர்களிடம் அதைக் கொட்டி வீணாக்கவில்லை.

வசந்தத்தில் ஒரு நாள் இம்சுன் அம்மாள் எல்லோர் முன்னாலும் கைபேசியை நீட்டினார்.

“சார், இது டுபாக்கூர்தானே?”

அனுப்புநர் முகவரி சரியாக இருந்தது. இணைப்பும் முகவரியைப் பதிவு செய்து தந்த நிறுவனத்தின் தளத்துக்கே போனது. அவருடைய வங்கி அட்டை காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க முடியவில்லை, கவனிக்காவிட்டால் முகவரி கைவிட்டுப் போகும் என்று எழுதியிருந்தது. உண்மையான அறிவிப்பு. பார்த்ததுமே தெரிந்தது.

“நீங்களே சொல்லுங்க,” என்றேன்.

“அவசரப்படுத்துது, பயமுறுத்துது, அழுத்தச் சொல்லுது. டுபாக்கூருதான்!”

“சபாஷ்.”

வகுப்பு கைதட்டியது. உண்மையானது என்று சொல்லியிருந்தால், நான் கற்றுத் தந்தது தப்பு என்று பாங் மாதிரி ஆட்களிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

முகவரி காலாவதியாகி விற்பனைக்கு வந்தது. நான் என் பெயரில் பதிவு செய்துகொண்டேன். திருட்டு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வேறு எவனாவது கொண்டுபோகாமல் காப்பாற்றினேன். கடைசி வகுப்பில் நாலு வார்த்தை பேசித் திருப்பிக் கொடுப்பதாக இருந்தேன். இம்சுன் அம்மாள் கடை வேலையில் தளத்தைத் திறந்து பார்ப்பதே அபூர்வம். பெட்டிக்கு மடல் வராததும் அவருக்குப் புதிதல்ல.

இலையுதிர் காலத்தில் உன்ஜேயின் முகவரிக்கு ஒரு மடல் வந்தது, இப்போது அது என் பெட்டிக்குத்தான் வரும். டென்மார்க்கிலிருந்து ஓர் ஆள். மொழிபெயர்ப்பு இயந்திரம் கடித்துத் துப்பிய கொரிய மொழி. தன்னை ஒப்படைத்தபோது கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருந்ததாகவும், பிடுங்கப் பார்த்தும் விடவில்லை என்றும் தத்துக் கோப்பில் இருக்கிறதாம்.

அந்தக் கிழங்கைப் பற்றி இம்சுன் அம்மாள் தளத்தில் எழுதவில்லை. கொடுத்தனுப்பியது அது ஒன்றுதான் என்று வெட்கமாம். ஒருமுறை டப்பாவைத் தரும்போது என்னிடம் மட்டும் சொன்னார்.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பிறகு நிதானமாக யோசித்தேன். மடலைக் கொடுத்தால், அது என் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். கேள்வியிலிருந்து கேள்வியாக, வசந்தத்தில் நான் சொன்ன சபாஷ் வரை போகும். உண்மையா பொய்யா என்று தாயே சொல்லட்டும், அதுதான் நியாயம் என்று பட்டது. பெயர், ஊர், கிழங்கு பற்றிய வரி ஆகியவற்றை மறைத்துவிட்டு மடலை வகுப்பில் திரையில் போட்டேன்.

இம்சுன் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். “அம்மா, எனக்குக் கோபம் இல்லை. சனிக்கிழமை வரை சியோலில் இருக்கிறேன். ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறேன். என் படம் இந்த இணைப்பில் இருக்கிறது.”

“சனிக்கிழமைக்குள்ளயாம்! இவன் எத்தனை பேருக்குப் புள்ளையோ,” என்றார் பாங். எல்லோரும் சிரித்தார்கள்.

“டுபாக்கூருதான் சார்,” என்றார் இம்சுன் அம்மாள். உட்காரவில்லை. “ஆனாலும் சார், திருடனா இருந்தாலும் எவளோ பெத்த புள்ளதானே. ‘சாப்பிட்டியாப்பா’ன்னு ஒத்த வரி போட்டுடட்டுமா?”

“பதில் போடுறதே ஆபத்து. வந்து நீங்களே அழிச்சிடுங்க.”

அவர் முன்னால் வந்தார். மிளகாய்த்தூள் படிந்த விரலை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார்.

“போயிடுச்சா சார்?”

“போயிடுச்சு.”

குப்பைப் பெட்டியையும் நானே காலி செய்தேன். அந்த ஆள் பிறகு எழுதவில்லை. உண்மையான மகன் என்றால் இன்னொரு தடவை எழுதியிருப்பான்.

முகவரியை நான் எடுத்ததையும், மடலை மறைத்ததையும், அழிக்க வைத்ததையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு என் வகுப்பில் ஒருவர்கூட ஏமாறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.