ராஜையன் பிடித்த கயிறு

கொல்லம் 1108, ஐப்பசி 9.

ராஜையன் ஓட்டியது பஸ் என்று நேற்று எழுதிவிட்டேன். தவறு. லாரி. இன்று இரவு வகுப்பு முடிந்தும் மழை விடவில்லை. விளக்கைச் சுற்றி ஒண்டியிருந்தோம். கூடப் படிக்கிற சுந்தரராஜ் நேற்றுப் பாதியில் நிறுத்தின தன் மச்சினன் ராஜையன் கதையை முதலிலிருந்து சொன்னான். சரியாக எழுதுகிறேனா, தெரியவில்லை.

நடுச்சாமம். ஆரல்வாய்மொழி தாண்டித் தோவாளைக்கு வருகிற ரோடு. காற்று மட்டும்... ராஜையன் இரண்டு இரவாக உறங்கவில்லை. பேறுகாலக் காய்ச்சலில் மனைவி தேவகனிக்குப் பால் வற்றிப்போயிற்று. வீட்டுச் செவலைப் பசுவின் பாலில்தான் பிள்ளை உயிர் கிடக்கிறது. விடியுமுன் போய்க் கறந்தாக வேண்டும். கண்ணில் மணல் விழுந்தது போல எரிச்சல்.

வளைவில்... மாடுகள். ரோடு நிறைய.

ஹாரன் அடித்தால் மிரளும். எஞ்சினை நிறுத்தி இறங்கினான். கழுத்தில் எல்லாம் புதுக்கயிறு. சந்தையில் வாங்கினவை போல. பழைய கயிற்றை விற்றவர் அவிழ்த்து வைத்துக்கொள்வதுதானே வழக்கம்.

மணிச்சத்தம் இல்லை. குளம்புச் சத்தமும் இல்லை. சாணி வாடை இல்லை... பச்சைப்பால் வாடை. லாரி வெளிச்சத்தில் ஒரு மாட்டுக்கும் கண் மின்னவில்லை.

கம்பளி போர்த்திய ஒருவன் அருகில் வந்தான்.

"அண்ணாச்சி, செத்த நேரம் இதப் பிடியும். இன்னும் ஒண்ணு வரணும்... கூட்டிட்டு வாறேன்."

ஒரு கயிறு. ராஜையன் வாங்கிக்கொண்டான்.

"எவன் கயிற நீட்டினாலும் பிடிப்பானாலே உன் மச்சினன்?" என்றான் விளக்கருகே இருந்த சிவதாணு.

"ஒறக்கச் சடவுல பாம்ப நீட்டினாலும் நீ பிடிப்பே. சும்ம கேளு மக்கா."

நின்றபடியே ராஜையனுக்குக் கண் சொக்கியது. விழித்தால்... வெறும் ரோடு. ஆளும் இல்லை, மாடும் இல்லை. கயிறு கையில்.

வீட்டில் விளக்கு எரிந்தது. தொழுவத்து வாசலில் தேவகனி. தோளில் பிள்ளை. அழுது அழுது அதற்குத் தொண்டை கட்டியிருந்தது.

"பசுவ விக்கப்போற விவரம் எங்கிட்ட ஒரு வாக்கு சொல்லக் கூடாதா?"

"எவன் வித்தான்?"

"கம்பளி போத்திக்கிட்டு ஒருத்தன் வந்தான். புதுக்கயிறு போட்டுக் கொண்டுபோயிட்டான். பழைய கயிறத் தந்துட்டுப் போன்னேன்..." அவள் குரல் இறங்கியது. "அது அப்பமே உம்ம கையில தந்தாச்சுன்னான்."

ராஜையன் குனிந்து பார்த்தான். கயிற்று முனையில் நீலச்சேலைக் கிழிசல். அடையாளத்துக்குத் தேவகனி கட்டியது. கயிற்றில் மாட்டின் சூடு இன்னும் ஆறவில்லை...

"பிள்ளை?" என்று கேட்டேன்.

சுந்தரராஜ் குடையை எடுத்தான்.

நாளை: கணக்கில் ஆறாம் பாடம். அதற்குமுன், விடிந்ததும் தொழுவத்துக்குப் போய், எங்கள் பசுவின் கழுத்தில் இருப்பது பழைய கயிறுதானா என்று பார்க்க வேண்டும்.