பிளம் புதரில் எழும்பிய பெட்டை

என் பெயர் ஆர்லின் டோர்கெருட். வயது 59. தகப்பனார் பெயர் ஹெல்மர். தெற்கு டகோட்டா, ஹோல்விக் ஊரில் தானியக் கிடங்கில் எடை போடும் வேலை பார்த்து வருகிறேன். என் மனைவியின் அண்ணன் வெண்டல் க்வாலே மீது நேற்றுப் பதிவான வழக்கு சம்பந்தமாக, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

ஊருக்கு வடக்கே உள்ள அரசுப் புல்வெளியில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடமாக ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழி வேட்டையாடி வருகிறோம். அங்கே அனுமதி வாங்கிப் பழைய புல்லை எரித்ததும், பருந்து உட்காரும் மரங்களை வெட்டியதும், பனிக்காலத்தில் கோழிகள் ஒதுங்கக் காட்டு பிளம் கன்று நட்டதும் நாங்கள்தான். சேவலை மட்டுமே சுடலாம் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் பெட்டையைச் சுட மாட்டோம். அடுத்த வருடத்துக் கோழிகள் அதன் வயிற்றில்தான் இருக்கின்றன.

வெண்டலுக்கு இப்போது உருவம் தெரியும், நிறம் தெரியாது. சேவல் செம்பு நிறம், பெட்டை மண் நிறம். ஆகவே பறவை எழும்பியதும் நான் "சேவல்" என்றோ "பெட்டை" என்றோ கூவுவேன். "சேவல்" என்றால் மட்டுமே சுடுவார். இந்த சீசனோடு துப்பாக்கியை வைத்துவிட வேண்டும் என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். சீசன் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. வேட்டை உரிமம் போனால் அதுவும் போய்விடும்.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் புல்லுக்குள் இறங்கினோம். மூடுபனி. ஒவ்வொரு புல்தாளிலும் உறைபனி பூத்திருந்தது, நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே தெரியவில்லை. வெண்டல், "என்ன மாப்ள, சத்தத்தையே காணோம்? வீட்ல என் தங்கச்சி தூங்க விடலன்னு இங்க வந்து நின்னுகிட்டே தூங்குறியா?" என்றார்.

"தூங்கல மச்சான், பாத்துக்கிட்டு வர்றேன்."

"அப்ப எனக்கும் சேத்துப் பாரு."

அதன் பின்னர் பிளம் புதரருகே பனி விலகி வெயில் விழுந்து, புதர் முழுவதும் ரோஜா நிறமானது. நாய் டில்டா மோப்பம் பிடித்து நின்றது. ஒரு பறவை எழும்பி, வெயிலில் செம்பாக மின்னியது. சேவலென்றால் எழும்பும்போது கொக்கரிக்கும். இது கொக்கரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்று நாளாக அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, இது சேவலாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "சேவல்" என்று கூவினேன். அவர் ஒரே வெடியில் வீழ்த்தினார்.

நாய் கவ்வி வரும்போதே அது பெட்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையில் வாங்கிக்கொண்டு, "எப்படி மாப்ள இருக்கு?" என்று கேட்டார். "நல்ல சேவல் மச்சான். கழுத்துல வெள்ளை வளையம் பளிச்சுனு இருக்கு" என்றேன். அவர் கையுறையைக் கழற்றி, வாலை நுனிவரை தடவினார். சேவலுக்கு வால் நீளம், இது சின்ன வால். பிறகு காலில் முள் இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். "அழகான சேவல்தான்" என்று சொல்லித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பின்னர் வண்டி நிறுத்துமிடத்தில் வனவிலங்கு அதிகாரி அம்மாள் பையைச் சோதித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் வெண்டல், "இவன் பெட்டைன்னு கத்தத்தான் செஞ்சான்மா. நான்தான் கேக்காம சுட்டுட்டேன்" என்றார். நான் பேசாமல் நின்றேன். வீடு வரைக்கும் பேசவில்லை. அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் சொன்னது பொய். நான் "பெட்டை" என்று கூவவில்லை. உரிமத்தைப் பறிப்பதென்றால் என்னுடையதைப் பறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆறு வாரமும் துப்பாக்கி இல்லாமல் அவர் பக்கத்தில் நடந்து, கண்ணால் கண்டதை மட்டும் கூவுவேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதற்கு மேல் ஒன்றும் கூடவில்லை, குறையவுமில்லை. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஆர்லின் டோர்கெருட்