றிம்சான் சொன்ன கருத்து

முஸ்பிறா: ...இன்னும் ஒரு வாய் தின்னுங்களன். கோப்பையில சோறு அப்பிடியே இரிக்கி.

றிம்சான்: பசி இல்ல புள்ள.

முஸ்பிறா: வாசகர் வட்டத்தில தேத்தண்ணியும் றோல்ஸும் தந்தாங்களாக்கும்!

றிம்சான்: தந்தாங்க... நான் தொடல்ல.

முஸ்பிறா: என்ன நடந்த? மத்த கிழமையெண்டா செருப்பக் கழட்ட முந்தியே, 'இண்டைக்கும் கைதட்டினாங்க'ண்டு கத்திக்கிட்டு வருவீங்க.

றிம்சான்: இனி நான் அங்க போகல்ல.

முஸ்பிறா: ஏன்? நான் சொல்லித் தந்தத மாத்திக் கீத்திச் சொல்லிட்டீங்களா?

றிம்சான்: இல்ல... சரியாத்தான் தொடங்கின.

முஸ்பிறா: 'இந்த நாவல்ல வாற வாப்பா மகள வெறுக்கல்ல...'

றிம்சான்: '...மன்னிப்புக் கேக்கத் தெரியாமத்தான் கதவச் சாத்தினாரு.' அவ்வளவும் சொன்ன. வட்டத்த நடத்துற சுஜிந்தன் சேர் எழும்பி, 'நாங்க ஒருத்தரும் இப்பிடி யோசிக்கல்லயே றிம்சான், இன்னம் கொஞ்சம் சொல்லுங்க' எண்டாரு.

முஸ்பிறா: நல்லந்தானே!

றிம்சான்: எங்க நல்லம்? மிச்சம் மறந்து பெய்த்து. ஒத்தக் காதில இயர்போன மாட்டிக்கிட்டு, நீ அனுப்பின வொய்ஸ மேசைக்குக் கீழ மெதுவா அமத்தின... வயர் போன்ல சரியா இறங்கல்ல புள்ள.

முஸ்பிறா: அல்லாஹ்வே... சத்தம் வெளியில வந்துட்டா?

றிம்சான்: முழுச் சத்தத்தில.

முஸ்பிறா: என்ட குரலா? அத்தின பேருக்கு முன்னுக்கா?

றிம்சான்: ஓம்... 'நான் நினைக்கிறன் எண்டு தொடங்குங்க, அப்பத்தான் நீங்களே யோசிச்ச மாதிரி இரிக்கும்' எண்டு...

முஸ்பிறா: நிப்பாட்டியிரிக்கலாமே!

றிம்சான்: நிப்பாட்டத்தான் பார்த்த, கை வழுக்கிட்டு. போன் கீழ உழுந்து, கிடந்த கிடையில கதைக்குது. 'வரக்குள்ள சம்பலுக்கு மாசித்தூள் வாங்கிட்டு வாங்க' எண்டது வரைக்கும் எல்லாருக்கும் கேட்ட.

முஸ்பிறா: யா றப்பே... சிரிச்சாங்களா?

றிம்சான்: சிரிச்சிருந்தா நல்லம். ஒருத்தரும் சிரிக்கல்ல. எல்லாரும் தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க.

முஸ்பிறா: நீங்க?

றிம்சான்: நானும் குனிஞ்சி போனப் பொறுக்கின. சாறன் விக்கிற றிம்சானையும் 'சேர்' எண்டு கூப்பிட்டாங்க புள்ள... அந்த ஆசைதான். ஒரு புத்தகத்திலயும் நான் பத்துப் பக்கம் தாண்டல்ல. வாசிச்சது நீ, கைதட்டினதெல்லாம் உனக்கு.

முஸ்பிறா: அத விடுங்க... ஆரும் ஏதும் சொன்னாங்களா?

றிம்சான்: நுஸ்ஹா டீச்சர்தான் கேட்டா, 'உங்கட மனைவிய ஏன் ஒருநாளும் கூட்டிட்டு வரல்ல?' எண்டு.

முஸ்பிறா: ஆரு கேட்ட?

றிம்சான்: அதான்... அங்க வாற டீச்சர்.

முஸ்பிறா: பொம்பிளையள் அங்க வாறல்ல எண்டுதானே சொன்னீங்க?

றிம்சான்: வாறவங்க... கனபேர் வாறவங்க. நான் பொய் சொன்ன. நீ வந்து வாயத் திறந்தா, என்ட வண்டவாளம் வெளிச்சிடும் எண்ட பயம். உன்ட மூஞ்சப் பார்க்க வெக்கமா இரிக்கி... ஏசு புள்ள. நல்லா ஏசு.

முஸ்பிறா: ஏச ஏலா.

றிம்சான்: ஏன்?

முஸ்பிறா: எனக்குத் தெரியும்.

றிம்சான்: என்ன தெரியும்?

முஸ்பிறா: பொம்பிளையள் வாறது. பக்கத்தூட்டு உம்மு எப்பவோ சொல்லிட்டா, அவட மதினியும் போறவவாம்.

றிம்சான்: தெரிஞ்சிக்கிட்டா இரிந்த? மறுகா ஏன் என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கல்ல?

முஸ்பிறா: சொல்ல எனக்கும் வெக்கமா இரிக்கி... நானும் அங்க வந்துட்டா, நீங்க என்னட்ட வந்து குந்திக் கதை கேப்பீங்களா? கலியாணம் முடிச்ச இத்தின வருசத்தில, நீங்க என்னோட இரிந்து கதைச்சதே இந்தப் புத்தகங்கள் வந்த புறகுதானே.