ஸ்டிக்கருக்கு அடியில

இல்ல மேடம், பேரைச் சொல்ல வேண்டாம். புகார் பண்ணவங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு உங்க உணவுப் பாதுகாப்பு ஆபீஸ் சட்டம், தெரியும். ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லுங்களேன். அதுவும் கூடாதா? சரி விடுங்க. எங்க மேல போன் போட்டுக் கொளுத்திப் போட்டது யாருன்னு நானே கண்டுபிடிச்சுக்கறேன். ஐயய்யோ, அந்தப் பெட்டி மேல உட்காராதீங்க! உள்ள இருக்கறது கார்ன்ஃப்ளேக்ஸ், மாவாப் போயிடும். இந்த ஸ்டூல் இருக்கு பாருங்க, இதுல உட்காருங்க.

அதோ கண்ணாடி ரூம்ல போனைக் காதுல ஒட்டிக்கிட்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கறாரே, அவருதான் என் வீட்டுக்காரரு. இறக்குமதி லைசென்ஸ் எல்லாம் அவரு பேர்ல. நான் ஸ்டிக்கர் ஒட்டற இடத்தைப் பாத்துக்கறேன், அவ்ளோதான். துறைமுகத்துலேருந்து சரக்கை எடுத்துக் குடுக்கற கிளியரிங் ஏஜெண்ட்கிட்ட பேசறாரு போல. கதவு திறந்துதான் கெடக்கு, நாம பேசறது அவருக்கும் கேக்கும். கேக்கட்டுமே, நமக்கென்ன ரகசியமா இருக்கு?

எனக்கு ஒண்ணுதான் உறுத்துது மேடம். இவ்ளோ பெரிய குடோன். இன்னைக்குத்தான் முதல் தடவையா வர்றீங்க. வந்ததும் வராததுமா நேரா நாலாவது வரிசையில போய் நின்னீங்களே, எப்படி? எல்லாரும் முன்பக்கத்துலேருந்துதான் எண்ணுவாங்க. நாங்க மட்டும்தான் பின்பக்க ஷட்டர்லேருந்து எண்ணுவோம், சரக்கு அந்த வழியா இறங்கறதால. நீங்களும் பின்பக்கத்துலேருந்துதான் எண்ணினீங்க. உதடு அசைஞ்சதை நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அப்போ சொன்னது உள்ளாளு. கூடவே இருந்து குழி பறிச்சிருக்காங்க.

டீ சொல்லட்டுமா? வேண்டாமா? போன தடவை வந்த ஆபீசரு, கண்ணாடி போட்டவரு, டீயும் குடிச்சாரு, போகும்போது பிள்ளைங்களுக்குன்னு ரெண்டு டப்பாவும் வாங்கிக்கிட்டுப் போனாரு. தங்கமான மனுஷன். அவருதான் வருவாருன்னு நினைச்சோம், பாத்தா நீங்க வந்து நிக்கறீங்க. எப்படி நினைச்சோமா? அது... சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம். எதுக்கெடுத்தாலும் இப்படி டக்குனு பிடிச்சுக்கறீங்களே.

ஸ்டிக்கர்தானே? காட்டறேன். இந்தா பாருங்க, டப்பாவுல இதயம் மாதிரி படம் போட்டு, தினம் சாப்பிட்டா நெஞ்சு வலியே வராதுங்கற மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் எழுதி அனுப்புவான். நம்ம சட்டப்படி அப்படிச் சொல்லக் கூடாது. அதனால இதயத்து மேல ஒண்ணு ஒட்டணும். இந்தப் பக்கம் என்னென்ன சேர்த்திருக்குன்னு அவன் பாஷையில இருக்கும், அதுக்கு மேல நம்ம பாஷையில ஒண்ணு ஒட்டணும். தேதி மேல மட்டும் கை வைக்கக் கூடாது. இவ்வளவும் ஒட்டி முடிச்சப்புறம்தான் ஒரு டப்பா வெளிய போகும். ஸ்டிக்கரை ஒரு வருஷத்துக்கு மொத்தமா அடிச்சு வெச்சுடுவோம். அதுல ஒரு வார்த்தை மாத்தணும்னாலும் உங்க ஆபீஸ்ல மறுபடி முதல்லேருந்து அனுமதி வாங்கணும். அது வர்றதுக்குள்ள சரக்குக் காலாவதி ஆயிடும், எங்க தாவும் தீந்துடும்.

இப்ப உங்களுக்கு வந்த புகார் என்ன? புதுசா இறங்கின சரக்குல கம்பெனிக்காரன் பாதாம் பொடி சேர்த்திருக்கான், எங்க பழைய ஸ்டிக்கர்ல பாதாம்ங்கற பேச்சே இல்லைன்னு. ஏன் மேடம், டப்பா அதே கலரு, அதே கிண்ணம், அதே பொம்மை. ஸ்டிக்கருக்கு அடியில என்ன மாறியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒட்டினதை உரிச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும். இல்ல, ஒட்டறதுக்கு முன்னாடியே உக்காந்து படிச்சவங்களுக்குத் தெரியும். இங்க வேலை செய்யறவங்களுக்கு அடுத்த டப்பாவை எடுக்கவே நேரம் இல்ல, இதுல எங்க படிக்கறது?

எனக்கு முதல் சந்தேகம் எதிர்த்தாப்புல கடை வெச்சிருக்காரே, அவரு மேல. அவரும் கார்ன்ஃப்ளேக்ஸ்தான் இறக்கறாரு. நாங்க அவருக்கு வெச்ச பேரு தேன்குடம். பேச்சு அப்படி இனிக்கும், வயித்துல அத்தனையும் எரிச்சல். நேத்துகூட வந்து, என்ன தங்கச்சி, சரக்கெல்லாம் நல்லபடியா வந்துச்சான்னு கேட்டாரு. என்னைக்கும் இல்லாத அக்கறை எதுக்கு, சொல்லுங்க?

ஆனா தேன்குடத்துக்கு நாலாவது வரிசை தெரியாதே. அங்கதான் என் கொழுந்தன் வர்றான். வீட்டுக்காரரோட தம்பி. போன வருஷம்வரை இதே குடோன்ல பங்காளியா இருந்தவன். பாகம் பிரிச்சுக்கிட்டுப் போகும்போது, நீங்க எப்படி நல்லா இருக்கீங்கன்னு பாக்கறேன்னு சொல்லிட்டுத்தான் போனான். இன்னைக்குக் காலையில அவனே போன் பண்ணி, அண்ணி, நான் யாருகிட்டயும் எதுவும் சொல்லலேங்கறான். நான் கேக்கவே இல்ல மேடம்! எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேங்கற கதையா இருக்குல்ல?

ஏங்க, உங்க தம்பியைத்தான் சொல்றேன்! நீங்க முறைச்சாலும் நான் சொல்றதைச் சொல்லத்தான் செய்வேன்.

ஆமா மேடம், பாதாம் சில பிள்ளைங்களுக்கு ஆகாதாம்ல? எங்க பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு, வாயாடி, என்னை அத்தை அத்தைன்னு சுத்தி வருவா. யாரோ குடுத்த கேக்குல இருந்திருக்கு. கண்ணு முன்னாடியே உதடு வீங்கி, மூச்சு இழுத்துக்கிச்சு. அவங்கம்மா செருப்புகூடப் போடாம தூக்கிக்கிட்டு ஓடினா. நான்தான் தெருவுல வண்டியை மறிச்சேன். பொழைச்சுக்கிச்சு, நல்லா இருக்கு. அதுக்கும் எங்க சரக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல மேடம், ஏதோ ஞாபகம் வந்துச்சு. சரக்கு சுத்தம். நீங்க எடுத்த சாம்பிளை லேபுக்கு அனுப்புங்க, உண்மை தெரிஞ்சுட்டுப் போகுது. புகார் பண்ணவங்க மூஞ்சியில அப்புறம் நானே கரியைப் பூசறேன்.

என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க? மூணாவது ஷட்டர் சாவியா? மெதுவாப் போய் எடுத்துட்டு வாங்க, இவங்க எங்க போயிடப் போறாங்க? நான் பேசிக்கிட்டு இருக்கேன்.

போயிட்டாரா? தூணைத் தாண்டிட்டாரா? என் பக்கம் திரும்பாதீங்க. கையில இருக்கற டப்பாவைப் பாத்துக்கிட்டே கேளுங்க. நீங்க எடுத்தது பழைய சரக்கு, லேப்ல ஒண்ணும் வராது. நாலாவது வரிசையில இருந்த புதுசை நேத்து சாயங்காலம் அவரு மாத்திட்டாரு. பின்பக்கச் சந்துல பச்சைத் தார்ப்பாய் போட்டு ஒரு லாரி நிக்குதுல்ல, அத்தனையும் அதுலதான் இருக்கு. பள்ளிக்கூட கேண்டீனுங்களுக்குப் போகுது. டிரைவர் சாப்பிட்டு வந்ததும் எடுத்துடுவாங்க. அவரு சாவி தேடப் போகல, டிரைவரை விரட்டப் போயிருக்காரு.

போன் பண்ணது நான்தான் மேடம். முந்தாநாள் உங்க ஆபீசுக்குப் பண்ணேன், நேத்தே இவருக்குத் தெரிஞ்சு போச்சு. அப்போ உங்க ஆபீஸ்ல இருந்து யாரோ சொல்லியிருக்காங்க. அது நீங்களா இருந்துட்டா நான் என்ன பண்றது? அதான் இவ்ளோ நேரம் ஊரையெல்லாம் வம்புக்கு இழுத்துக்கிட்டு உங்களையே நோட்டம் விட்டேன். நீங்க உள்ள நுழைஞ்சதும் அவரு முகம் செத்துப்போச்சு. அப்போ பிடிச்ச போனை இன்னும் விடல. ஏஜெண்ட்டாவது ஒண்ணாவது, உங்க ஆளுகிட்டதான் கேக்கறாரு, யாருய்யா இந்தப் பொம்பளைன்னு.

அவரு கெட்டவரு இல்ல மேடம். இருக்கறதையெல்லாம் இந்தச் சரக்குலதான் போட்டிருக்கோம், மிரண்டு போயிட்டாரு. ஒரு சிட்டிகைப் பொடிக்காக எல்லாத்தையும் குப்பையில கொட்டச் சொல்றியாடின்னு கேட்டாரு. கால்ல விழுந்து கெஞ்சினேன், கேக்கல. இருபது வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனை நானே காட்டிக் குடுக்கறேன். ஆனா அந்தப் பிள்ளை மூச்சு இழுத்தது காதுலயே நிக்குதே, நான் எங்க போய்ச் சொல்ல?

வர்றாரு, வர்றாரு. மேடம், என்னைப் பாவம் மாதிரி பாக்காதீங்க, நான்தான்னு தெரிஞ்சுக்குவாரு. திட்டுங்க. நல்லா சத்தமா என்னைத் திட்டுங்க.