கணிப்பொறிக்குச் சாம்பிராணி

துறைமுகத்தினின்று திரும்பும் பேருந்தில், கணிப்பொறி அறையில் பணிபுரியும் இருவர் என் முன்னிருக்கையில் வீற்றிருந்தனர். அவருள் இளையவர் உரைத்த சொல்லே என் செவியை ஈர்த்தது.

“அண்ணாச்சி, இனிமே மிஷினுக்குச் சாம்பிராணி காட்டாதீய.”

“ஏம்ல? வெள்ளிக்கிழமைதோறும் காட்டுததுதான?”

“அந்தப் புகைதான் டேப்ப வாசிக்குத முனையில அப்பிக் கெடந்துச்சு. கப்பல் கணக்கெல்லாம் மிஷின்ல அழிஞ்சுபோச்சு. டேப்புல எடுத்துவச்ச நகலையும் வாசிக்க மாட்டேன்னுட்டு. எனக்கு வேலையே போயிருக்கும்.”

“பொறவு?”

“பஞ்சுல ஸ்பிரிட்டத் தொட்டு முனையத் தொடச்சேன். அம்புட்டுக் கணக்கும் திரும்ப வந்துட்டு, அண்ணாச்சி! ஒரு வரி கொறையல!”

“சபாஷ்லே!” என்று பெரியவர் அவர் முதுகில் ஓங்கித் தட்டினார். “அப்போ சாம்பிராணிய என்ன செய்ய?”

“ஆபீசருக்குக் காட்டுங்க. அவரு எப்படியும் ஒண்ணையும் வாசிக்கதில்ல.”