நெய்க் கரண்டியும் நீலப் புகையும்

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை தூங்குவது எனக்குப் பிடிக்கும். எல்லாருக்கும் பிடிக்கும்தான், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும். திங்கள் முதல் சனி வரை கூடுவாஞ்சேரியில் ஏழு பத்து ரயிலைப் பிடித்து, செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறவள் நான். ஞாயிறு மீன் குழம்பு, பிறகு ஃபேனுக்குக் கீழே பாய், இரண்டு மணி நேரம். வேறெதையும் நான் அடம்பிடித்துக் கேட்டதில்லை.

ஜானகிராமன் சார், உங்கள் பழைய கார் பிரியர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'மனைவியின் பார்வையில்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். செயலாளரே கேட்கும்போது மறுப்பது மரியாதையில்லை. என் கணவர் தாமோதரன் வெறும் பொறுமையாலேயே ஒரு என்ஜினைக் குணப்படுத்தினார் என்று அவருக்குப் பரிசு கொடுக்கப்போகிறீர்கள். அந்தப் பொறுமையைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தவள் என்ற முறையில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

எங்கள் வண்டி எழுபத்து நாலாம் வருஷத்து ஃபியட். தொண்ணூற்றெட்டு பொங்கலுக்கு முன்னால் அதன் என்ஜினைச் செங்கல்பட்டு மெக்கானிக் கண்ணாயிரம் முழுக்கப் பிரித்து, புது பிஸ்டன், புது ரிங் போட்டுக் கட்டிக் கொடுத்தார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற இரும்பு வளையம். அது சிலிண்டர் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் காற்று கீழே இறங்காது, ஆயில் மேலே ஏறாது. ஒரு கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் எதற்கு என்றால், எனக்கும் தெரியவில்லை. ஞாயிறுதோறும் என் கணவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

"மொத ஆயிரம் கிலோமீட்டரு நெதானமா ஓட்டுங்க சார்," என்றுதான் கண்ணாயிரம் சொன்னார். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிற வேலை. நிதானம் என்பதை முப்பது கிலோமீட்டர் வேகம் என்று அவர் நிர்ணயித்தார். ஞாயிறு ஒன்றரை மணிக்குக் கிளம்பி செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், கடலை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். திருப்போரூர் வழியாகப் போனால் தூரம் குறைவு. குறைவு என்பதாலேயே அது வேண்டாம் என்றுவிட்டார். ஒருமுறை திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு பால்காரர் மொபெட்டில் எங்களை முந்திக்கொண்டு போனார். போய், பாலை ஊற்றிவிட்டு, எதிரே திரும்பி வரும்போது எங்களுக்குக் கையாட்டினார்.

வண்டியிலேயே தூங்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை அவர் மீட்டரைப் பார்த்து வெப்பநிலை சொல்வார், நான் நோட்டில் எழுத வேண்டும். எங்கள் மகள் அனு மூன்றாவது வாரமே டியூஷன் என்று ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த வசதி இல்லை.

ஆயிரம் கிலோமீட்டர் முடிந்த அன்று நான் பாயைத் தட்டி வெயிலில் போட்டேன். அன்றுதான் வண்டியின் பின்னால் நீலப் புகை வருவதை அவர் கவனித்தார். ஆயிலும் குறைந்திருந்தது. ஒரு முழு ஞாயிறு பரிசோதனைக்குப் போனது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் ஒரு அழுத்தமானியைச் செருகினார். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். நான்கு சிலிண்டரும் தொண்ணூறை ஒட்டியே காட்டின. அது போதாதாம். பிறகு ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தார். நூற்று முப்பதுக்கு ஏறியது. வால்வில் கோளாறு என்றால் ஆயில் விட்டாலும் ஏறாதாம். ஏறியதால் குற்றவாளி ரிங்தான் என்று தீர்ப்புச் சொன்னார். ஆயில் விட்டது என் நெய்க் கரண்டியால். அம்மா வீட்டிலிருந்து வந்த வெள்ளிப் பூண் போட்ட கரண்டி அது. புளி போட்டு மூன்று தடவை தேய்த்து வைத்தேன்.

கண்ணாயிரம் வந்து புகையைப் பார்த்தார்.

"ரிங்கு சரியாத்தான் கீது சார். அது செவுத்துல ஒரசி ஒரசி ஒக்காரணும். நீங்க கொயந்தைய தாலாட்டுற மாதிரி ஓட்டிகினு இருந்தா எப்டி ஒக்காரும்? செவுரு கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிட்ச்சு. கொஞ்சம் வெரட்டி ஓட்டுங்க."

"புகை நிக்கலன்னா ரன்னிங்-இன் முடியல, புது ரிங்கு இன்னும் பழகலன்னு அர்த்தம், கண்ணாயிரம். இன்னும் ரெண்டாயிரம் கிலோமீட்டர் மெதுவா ஓட்டுவோம்," என்றார் என் கணவர்.

கணக்கு டீச்சருக்கு இது உடனே புரிந்தது. மெதுவாக ஓட்டுவதால் புகை வருகிறது. புகை வருவதால் மெதுவாக ஓட்டுகிறார். இந்தக் கணக்குக்கு விடையே கிடையாது. என் வாழ்நாள் ஞாயிறு மொத்தமும் அதற்குள்ளே போய்விடும். அன்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான் கோபக்காரி இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இதற்கு முன்னால் அவர் லவ் பேர்ட்ஸ் வளர்த்தார். சரியாக மூன்று மணிக்குக் கத்தும். ஒருநாள் கூண்டு திறந்து கிடந்தது. அவற்றுக்கும் சுதந்திரம் வேண்டாமா. அதற்கப்புறம் கீபோர்டு கற்றுக்கொண்டார், அதன் அடாப்டர் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டது. இரண்டு தடவையும் அவருக்கு ஆறுதல் சொன்னது நான்தான்.

கண்ணாயிரம் அன்று கிளம்பும்போது ஏர் ஃபில்டரின் மூடியைத் தொட்டுக் காட்டி ஒன்று சொன்னார்.

"இத்த மட்டும் தொறந்து போட்றாதீங்க சார். இந்த வாய்ல மண்ணு போச்சுன்னா அத்தோட என்ஜின் காலி."

அவர் என் கணவரிடம்தான் சொன்னார். எனக்கும் காது கேட்டது.

மணல் போட நான் ஒருநாளும் நினைக்கவில்லை. அது குற்றம், கொலைக்குச் சமம். நான் எடுத்தது பாத்திரம் தேய்க்கும் பவுடர். அது சுத்தம் செய்கிற பொருள், எலுமிச்சை வாசனையுள்ளது. அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல என்ஜினை ஓடவிட்டுவிட்டு, நோட்டு எடுக்க உள்ளே போனார். நான் மூடியின் திருகைக் கழற்றி, அதே நெய்க் கரண்டியால் ஒரு கரண்டி போட்டு, மறுபடி மூடினேன். பழைய சாமான்களுக்கு ஓய்வு கொடுப்பது பாவமில்லை. என்ஜின் இருமியது. நான் உள்ளே ஏறி உட்கார்ந்தேன். அன்று ஒரு சின்னத் தலையணையும் எடுத்துக்கொண்டேன். பரனூர் பக்கம் வண்டி நின்றுவிடும், இழுத்துப்போக ஆள் வருவதற்குள் ஒரு மணி நேரமாவது தூங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வண்டி நிற்கவில்லை. இருமலைக் கேட்டுப் பயந்துபோன என் கணவர், அணைந்துவிடாமலிருக்க ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்தார். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் எதையும் ஓங்கி மிதித்து நான் பார்த்ததில்லை. முள் எழுபதைத் தொட்டது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்பே பால்காரரை முந்தினோம். மாமல்லபுரத்தில் இறங்கி அவர் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தார். புகை இல்லை.

மறுநாள் லீவு போட்டு அளந்தார். நான்கு சிலிண்டரும் நூற்று நாற்பது. கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. "பாத்தியா அமிர்தா, பொறுமை," என்றார். எனக்கும் கண்ணீர் வந்தது. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

சேதி கேட்டு வந்த கண்ணாயிரம் மூடியைத் திறந்து உள்ளே விரலைவிட்டார். விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியதை மோந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கணவர் அனுவிடம் டீ சொல்ல உள்ளே போனதும் குரலை இறக்கிக் கேட்டார்.

"யம்மா, இத்த யார் சொல்லிக் குட்த்தாங்க? வேற வழியே இல்லாதப்ப எங்க பழைய மேஸ்திரி பண்ணுவாரு. வழவழப்பு போயி ரிங்கு புடிச்சிக்கும். ஒரு சிட்டிகதான் போடுவாரு. நீங்க எவ்ளோ போட்டீங்க?"

"ஒரு கரண்டி."

அவர் என் கணவர் போன பக்கம் எட்டிப் பார்த்தார். "நான் ஒன்னும் பாக்கல," என்று சொல்லி, துணியால் துடைத்து, அன்றே ஆயிலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். என் அண்ணன் தம்பிகூட எனக்கு அவ்வளவு செய்ததில்லை.

அதனால் எனக்கு என்ன லாபம். வண்டி நன்றாக ஓடுவதால் இப்போது பள்ளிக்கு லீவான இரண்டாம் சனிக்கிழமையும் சேர்ந்துவிட்டது. கோடை விடுமுறைக்குக் கன்னியாகுமரி என்கிறார். உங்கள் சங்கம் பரிசு வேறு கொடுக்கிறது. போதாக்குறைக்கு, உங்கள் ஹெரால்டு காரும் நீலப் புகை விடுகிறது என்று போன வாரம் கொண்டுவந்து எங்கள் வாசலில் நிறுத்திவிட்டீர்கள். பொறுமையால் குணப்படுத்தித் தருகிறேன் என்று இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். மூவாயிரம் கிலோமீட்டர், முப்பது வேகத்தில். நோட்டுக்கு அட்டைகூடப் போட்டாயிற்று.

ஆகவே என் ஒப்புதல் இதுதான். பவுடர் போட்டது நான். கூண்டைத் திறந்தது நான். அடாப்டரும் நான்தான். எழுதி முடித்தபிறகு மனசு லேசாக இருக்கிறது, இனி அப்படி எதுவும் செய்யமாட்டேன். உங்கள் வண்டியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். பாத்திரம் தேய்க்கும் பவுடரால் என்ஜின் குணமாகிவிடும் என்று தெரிந்த பிறகு, அதை உங்கள் வண்டிப் பக்கம்கூடக் கொண்டுபோகமாட்டேன்.

மாடியில் தட்டு நிறைய மணல் காய்கிறதே, அது என்ன என்று அனு காலையில் கேட்டாள். போன ஞாயிறு மாமல்லபுரம் கடற்கரையில் அள்ளி வந்தது, நைசாகச் சலித்து வைத்திருக்கிறேன். ரோஜாச் செடிக்கு என்றேன். எங்கள் வீட்டில் ரோஜாச் செடி இல்லை. ஒன்று வாங்க வேண்டும்.